கலர் பாட்டிலைக் கீழே வெய்யி சாமி

சாமி, மொதல்ல நம்ம வீட்டுப் புள்ளைங்க சேதியைச் சொல்லிடறேன். அதைச் சொல்லாம எனக்குப் பேனா ஓடாது. உங்க அக்கா மகள் சேலத்துல நர்ஸ் படிப்பை முடிச்சு, அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்கும் சேர்ந்துட்டா. பட்டம் குடுத்த அன்னைக்கு மேடையில அவ பேரைக் கூப்பிட்டப்ப நான் எந்திரிச்சு நின்னுட்டேன். பின்னாடி இருந்தவங்க, "ஏனுங்க, உக்காருங்க, மறைக்குது"ன்னாங்க. "எம்பேத்தி போறாங்க, நீங்களும் எந்திரிச்சுப் பாருங்க"ன்னு சொல்லிட்டு நின்னபடிக்கே இருந்தேன். அவ தம்பி ஓட்டப் பந்தயத்துல மாவட்டத்துலயே மொதல்ல வந்து மாநிலப் போட்டிக்குப் போறான். ஷூ போட்டா காலைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்குதுன்னு சொன்னவன் இப்ப ஷூவைக் கழட்டாமலே தூங்கறான். உன் தம்பி மகள் பள்ளிக்கூடத்துல ஒப்புவித்தல்ல பரிசு வாங்கி ஒரு எவர்சில்வர் டப்பாவோட வந்தா. மூடி சரியா உக்காரலைன்னு ஒரே அழுகை. அவளுக்கு அடுத்த பாப்பா போன வாரம் தவழ ஆரம்பிச்சுட்டான், அதையும் நான் பரிசுலதான் சேர்த்திருக்கேன். பஸ்ஸுல இதையெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா கண்டக்டர், "ஆத்தா, டிக்கெட்டை வாங்கிக்கிட்டு மிச்சத்தைச் சொல்லுங்க"ங்கறாரு. உன்னைப் பத்திச் சொல்லாம நான் எறங்கறதில்ல. எம்மூத்த மகன் போர்வெல் வண்டியில டிரில்லரு, சத்தீஸ்கர்ல பாறையைத் தொளைச்சுத் தண்ணி எடுத்துக் குடுக்கறான்னு சொல்லிட்டுத்தான் எறங்குவேன்.

போன்ல சொல்லாம ஏன் கடுதாசின்னு கேப்ப. சிக்னல் வேணும்னா நான் மேட்டுக் காட்டுக்கு ஏறணும். ஏறிப் போயிக் கூப்பிட்டா உன் பக்கம் கம்ப்ரஷர் சத்தம். ரெண்டு வார்த்தை தாண்டினா, "சரிம்மா, வெச்சுடறேன்"ங்கற. கடுதாசியை அப்படி வெச்சுட முடியாது. அஞ்சாவதோட நின்னவ எழுத்து, வரி ஏறி எறங்கித்தான் இருக்கும், பொறுத்துப் படி. உங்க ஆபீஸ்ல இருந்து சாமான் ஏத்திக்கிட்டு வர்ற லாரியில குடுத்தனுப்பறேன். கூட வேலை செய்யறவங்க உன் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தா பார்க்கட்டும், அவங்களுக்கும் ஆகிற சமாச்சாரம்தான். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லைன்னு நான் நெனைக்கறேன். உனக்குத்தான் அப்படித் தோணல.

போன ஆடியில நீ நாமக்கல்ல எடுத்த டெஸ்ட் பத்தி எனக்குத் தெரிஞ்சுபோச்சு, கண்ணு. உனக்கு ஆம்பளை ஹார்மோனு கொறைவா இருக்குது, விந்தணுவும் கம்மி, சக்கரையும் வர்ற எடத்துல நிக்குதுன்னு தெரியும். உம்பொண்டாட்டிகிட்ட ஒரு கொறையும் இல்லைன்னும் தெரியும். அவ வந்து என்கிட்ட சொல்லிக் குடுக்கல, அதை மொதல்ல மனசுல வெச்சுக்க. வடக்க மழை பிடிச்சு ஆனியில உங்க வண்டி ஊர் திரும்பறப்ப, நீ ஒரு வார்த்தை பேசலைன்னா அவளை அவங்க அப்பன் கூட்டிக்கிட்டுப் போயிருவாரு. அதுக்குத்தான் இத்தனையும் எழுதறேன்.

எனக்குச் சக்கரை பார்க்கிற நாள்னு போன வாரம் அவளையும் கூட்டிக்கிட்டு நாமக்கல் போனேன். எப்பவும் போற சக்கரை டாக்டருதான். கொழந்தைக்காக நீங்க ரெண்டு பேரும் போயிப் பார்த்த பொம்பளை டாக்டரு உன்னை அனுப்பி வெச்சதும் அதே டாக்டருகிட்டன்னு எனக்கு எப்படித் தெரியும்? என் கையில பட்டையைச் சுத்திப் பிரஷர் பார்த்துக்கிட்டே அவரு இவளை நிமிந்து பார்த்தாரு. "ஏம்மா, மூணு மாசத்துல வரேன்னு போன உங்க வீட்டுக்காரரைக் காணோமே? இனிப்பைக் கொறைச்சாரா இல்லையா?"ன்னாரு. இவ மூஞ்சி சுண்டிப்போச்சு. நான், "எம்மகனுக்கு என்னங்க?"ன்னேன். டாக்டருக்குப் புரிஞ்சு போச்சு. "அதை அவரே சொல்லட்டுங்கம்மா"ன்னு பட்டையைக் கழட்டிட்டாரு.

வெளிய மருந்துக் கடை பெஞ்சுல உக்கார வெச்சுக் கேட்டேன். மொதல்ல, "ஒண்ணும் இல்லீங்க அத்தே, காய்ச்சலுக்கு வந்தாரு"ன்னா. "காய்ச்சலுக்கு எந்த டாக்டரு இனிப்பைக் கொறைக்கச் சொல்றாரு?"ன்னேன். அப்பறம் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னா. ரிசல்ட்டு வாங்கின அன்னைக்கு நீ பஸ் ஸ்டாண்டுல தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னதும், ஒரு கலர் சோடாவை ஒரே மூச்சுல குடிச்சுட்டு அடுத்ததை வாங்கினதும், "ஊட்ல சொல்லீராத"ன்னு அவ கையைப் பிடிச்சதும். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கா. அந்த வாக்கைக் காப்பாத்தத்தான் இத்தனை மாசமா அவ ஏச்சு வாங்கியிருக்கா.

நான் அவளை அங்கேயே உக்கார வெச்சுட்டு மறுபடியும் டாக்டரு ரூமுக்குள்ள போனேன். எனக்கு மனசு ஆறல. அரிசி மூட்டையைத் தலையில வெச்சுக்கிட்டு மேட்டுல ஓடினவன் எம்மகன், அவனுக்கா இப்படின்னு சண்டை போடத்தான் போனேன்னு வெச்சுக்கயேன். அவரு சிரிச்சுட்டு, "உங்க மகனைப் பத்தி நான் பேச மாட்டேன். பொதுவா ஒரு ஆம்பளையைப் பத்தி வேணும்னா சொல்றேன்"ன்னாரு. "சரிங்க, அந்தப் பொதுவான ஆம்பளைக்குப் போர்வெல் வண்டியில வேலைன்னு வெச்சுக்கோங்க. தண்ணிக்குப் பதிலா கலரு குடிக்கிறான்னும் வெச்சுக்கோங்க"ன்னேன்.

அவரு சொன்னதை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரியே எழுதறேன். மூளை உத்தரவு போட, விதைக்கொட்டை அந்த ஹார்மோனை உண்டாக்குதாம். இனிப்பு நெறைய உள்ள போனா அப்பவே கொஞ்ச நேரத்துக்கு ரத்தத்துல அந்த ஹார்மோனு எறங்குமாம், அப்பறம் ஏறிக்குமாம். என்னைக்கோ ஒரு நாள் பாயசம் குடிச்சா அதனால ஒண்ணும் ஆயிராது. ஆனா விடிஞ்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் குடிச்சுக்கிட்டே இருந்தா, அத்தனை சக்கரையைச் சமாளிக்க இன்சுலின் சுரந்து சுரந்து உடம்பு அதுக்கு மசியறதை விட்டுடுது. வயித்தைச் சுத்திக் கொழுப்பு ஏறுது. அந்தக் கொழுப்பும் சும்மா கெடக்கறதில்ல, இருக்கிற ஆம்பளை ஹார்மோனுல கொஞ்சத்தைப் பொம்பளை ஹார்மோனா மாத்திப் போடுது. அதைப் பார்த்துட்டு மூளை, இருக்கிறதே போதும்னு நெனைச்சு உத்தரவைக் கொறைச்சுக்குது. அதனால விந்தணு கம்மியாகலாம், இருக்கிறதும் வேகமா நீந்தாம சோர்ந்து போகலாம். "அப்ப எல்லாத்துக்கும் சக்கரைதானுங்களா?"ன்னு கேட்டேன். "அப்படிச் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டாலும் வரும், எஞ்சின் சூடு, பொகையிலை, இன்னும் காரணமே தெரியாம வர்றது எத்தனையோ. ஆனா சக்கரையை விடறது அந்த ஆளு கையில இருக்குது"ன்னாரு.

"தேன் குடிக்கலாமுங்களா?"ன்னேன். நான் லாரி வர்றப்பெல்லாம் உனக்குப் பாட்டில் பாட்டிலா அனுப்பினேனே, பால்ல ஊத்திக் குடி, உடம்புக்குத் தெம்பு, கொழந்தை நிக்கும்னு. "தேனும் இனிப்புதாம்மா"ன்னாரு. "மலைத்தேனுங்க. நம்ம காட்டுல எடுத்தது. கலப்படமே கெடையாது." "சரி, அப்ப கலப்படம் இல்லாத இனிப்பு." உங்க அத்தை, உங்கப்பனோட தங்கச்சி, ஆடியில உனக்கு ரகசியமாக் குடுத்த லேகியத்தைப் பத்தியும் கேட்டேன். அதுல என்ன மருந்து இருக்குதுன்னு தனக்குத் தெரியாதாம், வெல்லப் பாகு எத்தனை இருக்குதுன்னு நாக்குலயே தெரியுமேன்னாரு. அதைத் தூக்கிப் போட்டுரு. இன்னொண்ணும் கண்டிப்பாச் சொன்னாரு. ஆம்பளை ஹார்மோனு ஊசி அங்கங்க விக்குதாம், அதை டாக்டரு சொல்லாமத் தானாப் போட்டுக்கிட்டா உள்ள ஊறுறதும் நின்னு விந்தணு சுத்தமா இல்லாமலே போயிருமாம். யாராவது கொண்டாந்து நீட்டினா கையை நீட்டிராத.

உன்னைக் கொறை சொல்ல எனக்கு வாய் வரல சாமி. நீ ஏன் கலர் குடிக்கிறன்னு நீயே ஒரு நாள் சொல்லியிருக்க. புதுசாப் போட்ட போர்ல வர்ற தண்ணியில கல்லு மாவு கலந்திருக்கும், ஊருக்கு ஊரு தண்ணி மாறும், வயித்தால போச்சுன்னா வேலை நின்னுரும், பாட்டில்ல வர்ற கலர்தான் எங்கேயும் ஒரே மாதிரின்னு. தூக்கம் வராம இருக்க டீ, அந்த டீயில கரண்டி நிக்கிற அளவுக்குச் சக்கரை. அது போக, போர்ல தண்ணி வந்துட்டா நிலத்துக்காரரு ஓடி வந்து இனிப்பை டிரில்லரு வாயில ஊட்டுவாரு, வேண்டாம்னா மனசு ஒடிஞ்சு போவாருன்னும் சொன்ன. எனக்கு அன்னைக்கு அதைக் கேக்கப் பெருமையா இருந்துச்சு. எம்மகன் கை பட்ட எடமெல்லாம் தண்ணி வருது, அத்தனை பேரு அவனுக்கு இனிப்பு ஊட்டறாங்கன்னு இந்த ஊரு பூரா சொன்னேன். நீ கெட்டிக்காரனா இருக்க இருக்க உன் வாயில இனிப்பு விழுந்துக்கிட்டே இருந்திருக்குதுன்னு இப்பத்தான் தோணுது.

சின்னதுலயும் அப்படித்தான். நம்ம வீட்டுல வெள்ளைச் சக்கரை வந்ததே ரேஷன் கார்டு வந்த பொறவுதான், அதுக்கு முன்ன எல்லாத்துக்கும் வெல்லம். சக்கரை வந்த அன்னைக்கு உன் உள்ளங்கையில ஒரு குத்து அள்ளி வெச்சேன். நீ அதைத் தின்னாம கையை மூடிக்கிட்டு ஊரு பூரா நடந்து, ஒவ்வொருத்தர்கிட்டயும் தொறந்து காட்டிட்டு வந்த. வேர்வையில அது கரைஞ்சு மொழங்கை வரைக்கும் வழிஞ்சுபோச்சு. அதுக்கு அழுதியே ஒரு அழுகை. அதுல இருந்து இனிப்பு உனக்குக் கொறையக் கூடாதுன்னு நான் ஒரு வைராக்கியமாட்ட வெச்சிருந்தேன். சோறு இல்லாத வீட்டுல பொறந்த ஆசை அது. தப்புன்னு அதை இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆசைக்கு வேலை முடிஞ்சுபோச்சு, கண்ணு.

தை மாசம் என்ன நடந்துச்சுன்னு உனக்குப் பாதிதான் தெரியும். சம்பந்தி வந்துட்டுப் போனாருன்னு மட்டும்தான் போன்ல சொன்னேன். பொங்கல் முடிஞ்சதும் அவரு, அவ மாமனைக் கூட்டிக்கிட்டு நேரா ஊர்க் கவுண்டர் வீட்டுக்கே போயிட்டாரு. அங்க இருந்து எங்களுக்கு ஆள் வந்துச்சு. நம்ம மலையில ரெண்டு வீட்டுக்காரரும் கவுண்டரு முன்னால பேசி முடிச்சுக்கிட்டா அத்தோட கல்யாணம் அறுந்துது, கோர்ட்டுக்குப் போகிற வேலை இல்லைங்கறது உனக்குத் தெரிஞ்சதுதான். சம்பந்தி கோவமாப் பேசல. "எம்மக வேலை செய்ய அஞ்ச மாட்டா, சோத்துக்கும் இங்க கொறை இல்லீங்க. ஆனா போற எடமெல்லாம் அவ காது கேக்கப் பேசறாங்க. என்னால கேக்க முடியல. அனுப்பிச்சிருங்க"ன்னாரு. உங்க அத்தை சும்மா இருந்திருக்கலாம். "எங்க பையன் காட்டை உழுதுட்டுத்தான் போறான், காடு தரிசா இருந்தா அவன் என்ன பண்ணுவான்? கூட்டிக்கிட்டுப் போங்க, அவனுக்குப் பொண்ணு கெடைக்காமயா போகும்?"ன்னுச்சு. அத்தனை பேரும் உம்பொண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தாங்க. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சேலை நுனியை விரல்ல சுத்திக்கிட்டே இருந்தா. அப்ப எனக்கும் எதுவும் தெரியாது. பையன் வராம முடிவு எடுக்காதீங்கன்னு மட்டும் சொன்னேன். கவுண்டரும், "ஆனியில அவன் வரட்டும், அவன் வாயால என்ன சொல்றான்னு கேட்டுக்கலாம்"னு எல்லாரையும் அனுப்பி வெச்சாரு.

அதைத்தான் நாமக்கல்ல இருந்து திரும்பறப்ப அவகிட்ட கேட்டேன். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில பஸ் வளைவு ஏற ஆரம்பிச்சுது. எனக்கு எப்பவும் அங்க தலை சுத்தும், அவ தோள்ல சாஞ்சுக்குவேன். சாஞ்சபடியே கேட்டேன், "ஏன் சாமி, அத்தனை பேரு முன்னால உன்னைத் தரிசுன்னு சொன்னப்பக்கூடவா உனக்கு வாய் வரல?" அவ ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டே சொன்னா, "உங்களுக்கு அவரு மகன். எனக்கு மட்டும் யாருங்க அத்தே? ஊர் கூடின எடத்துல நான் அவரைக் காட்டிக் குடுப்பனா?" கொஞ்ச தூரம் போயி அவளே, "உங்க மகன் எத்தனை அடிக்குக் கீழ இருக்கிற பாறையையும் தொளைச்சுப் போடுவாரு. அவரு வாயைத் தொறக்க வெக்கத்தான் ஒரு வண்டியும் இல்ல"ன்னா. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். முன் சீட்டுக்காரரு, மாமியாளும் மருமகளும் சேர்ந்து சிரிக்கிறாங்களேன்னு அதிசயமாத் திரும்பிப் பார்த்தாரு. சிரிச்சு முடிச்ச பொறவு அவ சொன்னதையும் எழுதிடறேன். "நான் போறதா இருந்தா தையிலயே எங்கப்பன்கூடப் போயிருப்பேன். கொழந்தை இல்லைன்னு போக மாட்டேன். ஆனா ஆனியில கவுண்டரு கேக்கறப்ப அவரு பேசாம நின்னாருன்னா, அதுக்கு மேல நான் இருக்க மாட்டேனுங்க அத்தே." மெரட்டறதுக்குச் சொல்லல. வானம் பார்த்து நாளைக்கு மழை வரும்னு சொல்வாங்களே, அந்த மாதிரி அமைதியாச் சொன்னா.

அவ சொன்னது எனக்கு ஏன் தைச்சுதுன்னு உனக்குத் தெரியாது. உங்கக்கா வயித்துல தங்கறதுக்கு முன்ன நானும் இதே ஏச்சை வருசக்கணக்கா வாங்கினேன். ஆகாச கங்கைப் படியில எறங்கி, தலையில அருவியை வாங்கி, ஈரச் சேலையோட திரும்ப ஏறினேன். கசாயம் குடிச்சேன், மண்சோறு தின்னேன். மிளகு பறிக்கிற நாள்ல உங்க அப்பத்தா என்னைக் காட்டுக்குள்ள விட மாட்டாங்க. புள்ளை இல்லாதவ கை பட்டாக் கொடியில காய் நிக்காதும்பாங்க. நான் வேலிக்கு வெளிய கூடையோட நிப்பேன். உங்கப்பன் ஏணி மேல நின்னு பறிச்சுக்கிட்டு இருப்பாரு, எல்லாம் காதுல விழும், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அத்தனை வருசம் கழிச்சு, நாமக்கல் போயிட்டு வந்த அன்னைக்குத்தான் அவருகிட்ட கேட்டேன், அன்னைக்கு ஏன் பேசலைன்னு. "கொறை யாருகிட்டன்னு எனக்குத் தெரியாதே"ன்னாரு. அவருக்குத் தெரியாது, அதனால நான் பொறுத்துக்கிட்டேன். உனக்குத் தெரியும் சாமி. தெரிஞ்சுக்கிட்டே நீ ஏணி மேல நிக்கற.

உன் விசயத்தை உங்கப்பன் ஒருத்தருகிட்டத்தான் சொன்னேன். வேற யாருக்கும் சொல்லல, உங்க அத்தைக்கும் சொல்லல, அதை அடக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கத்துவாருன்னு பார்த்தேன். "காய்ச்சல் வந்தா மனுசன் வெளிய சொல்றான், இதுவும் ஒரு சீக்குதானே. திட்டி எழுதாத"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. காலையில டீ குடுத்தா, சக்கரை போடாம குடுன்னாரு. குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சு, "மாட்டுக்கு ஊத்தற மருந்தாட்ட இருக்குது"ன்னாரு. ஆனா டம்ளரைக் காலி பண்ணிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் குடிக்கறாரு. நம்ம வீட்டுல இப்ப யாருக்கும் டீயில சக்கரை இல்ல. உன் தம்பி மட்டும் டீக்கடைக்குப் போயிக் குடிச்சுட்டு வரான், மீசையைத் தொடைச்சுக்கிட்டு.

இப்ப மாசி. ஆனிக்கு இன்னும் நாள் இருக்குது. புது விந்தணு உண்டாகி வெளிய வர ரெண்டரை மூணு மாசம் ஆகுமாம், அதனால இன்னைக்கு நீ விட ஆரம்பிச்சா, வந்ததும் எடுக்கிற டெஸ்டுல ஏதாவது தெரியலாம்னு டாக்டரு சொன்னாரு. நெறையப் பேருக்கு எடை கொறைஞ்சா ஹார்மோனு ஏறுதாம். கொழந்தை பொறந்துரும்னு சத்தியம் பண்ணிக் குடுக்க அவரால ஆகாதுன்னும் சொன்னாரு, அந்த நேர்மை எனக்குப் பிடிச்சுது. நீ மொதல்ல அந்தக் கலர் பாட்டிலைக் கீழே வெய்யி. வண்டியில ஒரு தண்ணி கேனை உனக்குன்னு வெச்சுக்க. நல்ல தண்ணியாப் பார்த்துப் பிடிச்சு, கொதிக்க வெச்சு ஆத்தி ஊத்திக்க. வேர்வையா ஊத்தற நாள்ல எலுமிச்சையும் உப்பும் போட்டுக் குடி. டீயில ஒரேயடியா நிறுத்தினா கை நடுங்கற மாதிரி இருக்கும், கரண்டி கரண்டியாக் கொறைச்சுக்கிட்டு வா. நிலத்துக்காரரு இனிப்பு ஊட்ட வந்தா, துளியூண்டு கிள்ளி வாயில வெச்சுக்கிட்டு, மிச்சத்தை அவரு வீட்டுக் கொழந்தை கையில குடு. எங்கம்மாவுக்குச் சக்கரை, எனக்கும் வரப் பார்க்குதுன்னு சொல்லு. அது பொய்யில்லையே. தேன் இனி வராது. அதுக்குப் பதிலா சாமையும் கொள்ளும் வறுத்துக் கட்டி அனுப்பியிருக்கேன், கூட இருக்கிறவங்களுக்கும் சேர்த்து. தொப்பை அவங்களுக்கும் இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.

டெஸ்டு எப்படி வந்தாலும் வரட்டும். கொழந்தை வந்தா வளர்ப்போம். இல்லைன்னா பெத்தவங்க இல்லாத கொழந்தை ஒண்ணை முறையா எடுத்து வளர்த்தாலும் நான் இதே மாதிரி பஸ்ஸுல பெருமை பேசிக்கிட்டுத்தான் வருவேன். ரெண்டும் வேண்டாம், நாங்க ரெண்டு பேரே போதும்னு நீங்க சொன்னாலும் சரி. ஹார்மோனு கொறைஞ்சவன் ஆம்பளை இல்லைன்னு எந்தப் புத்தியத்தவனாவது சொன்னா, அவனை என்கிட்ட அனுப்பு. ஆனா பழியைப் பொண்டாட்டி தலையில போட்டுட்டுப் பின்னால நிக்கிறவனை நான் எம்மகன்னு யாருகிட்டயும் சொல்லிக்க மாட்டேன். இத்தனை நேரமும் தடவிக் குடுத்துட்டு இங்க மட்டும் அடிக்கறேன்னு நெனைக்காத. இதுல தடவிக் குடுக்க எனக்குத் தெரியல.

ஆனியில நீ வந்ததும் உன்கூட நானும் கவுண்டரு வீட்டுக்கு வாரேன். உனக்குப் பதிலா நான் பேச மாட்டேன். எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெக்க வேண்டாம். "டாக்டரு என்னைத்தான் வைத்தியம் பார்த்துக்கச் சொல்லியிருக்காரு, அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க"ன்னு சம்பந்தி மூஞ்சியைப் பார்த்துச் சொன்னாப் போதும். நாலு நாளைக்குப் பேசுவாங்க. அவ பேசவே பேசாம எத்தனை மாசம் தாங்கினா, நீ நாலு நாள் தாங்க மாட்டியா? உங்க அத்தை மயக்கம் போட்டு விழுந்தா நான் தண்ணி தெளிச்சுக்கறேன்.

அது ஆனிக்கு. அதுக்கு முன்ன இப்பவே ஒண்ணு செய்யி, கண்ணு. நீ போன்ல அனுப்பற படமெல்லாம் வண்டி படமாத்தான் இருக்குது. நீ எங்கேயோ ஒரு ஓரத்துல, மூஞ்சி பூராவும் கல்லு மாவோட, யாருன்னே தெரியாம நிக்கற. அங்க டவுன்ல ஸ்டூடியோ இல்லாமயா இருக்கும்? குளிச்சு, சட்டை மாத்திக்கிட்டுப் போயி உன்னை மட்டும் ஒரு புதுப் படம் எடு. வயித்தை எக்கிக்கிட்டு நிக்காத, இருக்கிறபடி நில்லு. நல்ல அட்டையில பிரிண்டு போட்டு, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பு. என் பேருக்கு அனுப்பாத, அவ பேருக்கு அனுப்பு. படத்துக்குப் பின்னால, கொறை உன்கிட்ட இல்லைன்னு அவளுக்கு ஒரு வரி, உன் கையெழுத்துல எழுது. நம்ம ஊருக்கு வர்ற தபால்காரரு டீக்கடை முன்னால நின்னு பேரைச் சத்தமாக் கூப்பிடுவாரு. அவ பேருக்குன்னு இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒரு தபால் வந்ததில்ல. கூப்பிட்டா நான் வீட்டுக்குள்ளயே இருந்துக்கறேன். அவளே நடந்து போயி, அத்தனை பேரு முன்னாலயும் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வரட்டும்.